சென்னைத் தெருக்கள் – 14: இருமுறை வெட்டுப்பட்ட பெயர்கள்

தியாகராய நகரைச் சென்னையில் யாரும் முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. நடத்துநர் ‘டி.நகர்’ என்று குரல் கொடுக்கிறார். பேருந்தின் நெற்றியில் ‘தி.நகர்’ என்று ஓடுகிறது. நகை வாங்க வரும் வெளியூர்க்காரருக்கும், ரங்கநாதன் தெருவில் நாற்பது வருடமாகக் கடை வைத்திருப்பவருக்கும் அந்த ஓர் எழுத்தே போதும். அந்த எழுத்துக்குள் இருப்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பலரும் திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகளின் பெயரைத்தான் சொல்வார்கள்.

அப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஜி.என். செட்டி சாலையில் வாணி மகால் இருக்கிறது. அதை நடத்தும் சபையின் பெயர் ஸ்ரீ தியாக பிரம்ம கான சபா. தியாகராஜராகவே திரையில் வாழ்ந்து காட்டிய சித்தூர் நாகையா முன்னின்று தொடங்கிய சபை அது. மார்கழி வந்தால் அந்தத் தெருவெங்கும் அந்தத் தியாகராஜரின் கீர்த்தனைகள்தான். ஆனால் ஊருக்குப் பெயர் தந்தவர் வேறொருவர். அவர் பாடகர் அல்லர். நெசவுத் தொழில் செய்த தேவாங்கர் குலத்தில் பிறந்து இந்த மாநகராட்சியை ஆண்டவர்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூறாண்டுக்கு முன்பு இங்கே தெருக்கள் இல்லை, ஏரி இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் பக்கமாகத் தெற்கே நீண்டு கிடந்ததால் ஆங்கிலேயர் அதற்கு ‘லாங் டேங்க்’ என்றே பெயர் வைத்தார்கள். சென்னையின் மேற்கு எல்லை அந்த நீர்ப்பரப்புதான். படகுப் போட்டிகள்கூட அதில் நடந்தன. 1911இல் மாம்பலத்தில் ரயில் நிலையம் வந்தது. 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. ஊர் பெருத்துக்கொண்டிருந்தது, வீட்டுமனைக்கு இடமில்லை. 1923இல் ஏரியை வடிக்கும் வேலை தொடங்கி, 1925க்குள் புதிய குடியிருப்பு உருப்பெற்றுவிட்டது. மீதியிருந்த நீரையும் அடுத்தடுத்த பத்தாண்டுகள் விழுங்கின. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய ஏரிப் படுகையில்தான். மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இன்றும் இருக்கிறது. அங்கிருந்து பார்க்க ஏரி இல்லை. 2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றபோது எல்லோரும் மாம்பலம் கால்வாயைக் குறை சொன்னார்கள். கால்வாய் தூர்ந்து கிடந்தது உண்மை. ஆனால் தண்ணீர் நின்ற இடம் அதன் பழைய வீடு என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஏரியை வெட்டிச் சுருக்கிய அந்த இடத்துக்குச் சூட்டிய பெயர்தான் தியாகராய நகர்.

பிட்டி தியாகராயர் 1852இல் பிறந்தார். சென்னை மாநகராட்சியில் நாற்பதாண்டுக் காலம் உறுப்பினர். அரசு அலுவலர் அல்லாத ஒருவர் அதன் தலைவரானது அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. எப்போதும் வெள்ளை உடைதான் என்பதால் ‘வெள்ளுடை வேந்தர்’ என்று மக்கள் அழைத்தார்கள். 1916 நவம்பரில் டி.எம். நாயர், நடேச முதலியார் ஆகியோரோடு சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் நடத்திய ‘ஜஸ்டிஸ்’ நாளிதழின் பெயரே கட்சிக்கும் ஒட்டிக்கொண்டு, தமிழில் நீதிக்கட்சியானது. 1920 தேர்தலில் கட்சி வென்றபோது முதலமைச்சர் பதவி அவரைத் தேடி வந்தது. அவர் வேண்டாமென்றார். சுப்பராயலு ரெட்டியார் பொறுப்பேற்றார்.

அவர் செய்த செயல்களில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது வேறொன்று. 1920 செப்டம்பரில் அவர் தலைமையில் கூடிய மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. காமராஜரின் மதிய உணவும், எம்.ஜி.ஆரின் சத்துணவும், இன்றைய காலை உணவுத் திட்டமும் அந்த ஓரணாவின் பிள்ளைகள். காமராஜர் கடைசிவரை குடியிருந்த வீடு இதே தியாகராய நகரின் திருமலைப் பிள்ளை சாலையில்தான் இருக்கிறது. பள்ளிச் சோற்றின் வரலாற்றில் முதல் பெயரும் பெரும்பெயரும் ஒரே வட்டாரத்துக்குள் இருக்கின்றன. அதில் முதல் பெயரை நாம் ஓர் எழுத்தாக்கிவிட்டோம்.

1925 ஏப்ரலில் தியாகராயர் மறைந்தார். புது நகருக்கு அவர் பெயர். அதன் தெருக்களுக்கு அவர் காலத்து நீதிக்கட்சிக்காரர்கள், மாநகராட்சிப் பெருமக்கள், அதிகாரிகள் ஆகியோரின் பெயர்கள். 1921 முதல் 1926 வரை முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பூங்காவானார். 1934இல் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் பொறுப்பு ஆளுநராக இருந்த, அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியரான சர் முகமது உஸ்மான், உஸ்மான் சாலையானார். ஹபிபுல்லா, பசுல்லா, ஐ.சி.எஸ். அதிகாரி போக் எல்லோரும் இங்கே இருக்கிறார்கள். பிறகு தெற்கு போக் சாலை மட்டும் அங்கே வாழ்ந்த நடிகர் திலகத்தின் பெயரால் செவாலியே சிவாஜி கணேசன் சாலையாக மாறியது. தெருப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் 1920களின் சென்னை அரசியலை அங்கேயே படித்துவிடலாம். பெயர்கள் முழுதாக இருந்தால்தான் அது முடியும்.

முழுதாக இல்லை. இரண்டு காலங்களில், இரண்டு வெவ்வேறு கைகள் அவற்றை வெட்டியிருக்கின்றன.

முதல் வெட்டு ஆங்கில ஆட்சியின் அலுவலக வழக்கத்தால் விழுந்தது. நம் முறையில் ஒருவருக்கு ஊர்ப்பெயரோ தந்தை பெயரோ முன்னால் நிற்கும். பிறகு அவருக்கு வைத்த பெயர். கடைசியில் சாதிப் பட்டம். வெள்ளைக்காரரின் முறையில் கடைசியில் நிற்பது குடும்பப் பெயர், அதுதான் முழுதாக எழுதப்படும். எனவே அரசிதழிலும் அழைப்பிதழிலும் பல பெயர்களில் கடைசிச் சொல்லை மட்டும் முழுதாக விட்டு, முன்னாலிருப்பதையெல்லாம் முதலெழுத்தாக்கினார்கள். நம்மவர்களும் அதையே நாகரிகமென்று ஏற்றுக்கொண்டார்கள். தாரவாட் மாதவன் நாயர் என்ற மருத்துவர் டி.எம். நாயர் ஆனார். தாரவாட் என்பது வீட்டுப் பெயர், போகட்டும். ஆனால் மாதவன் என்பது அவரைப் பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர். அதுவும் ஒற்றை எழுத்தாகிவிட்டது. கோபதி நாராயணசாமி செட்டி, ஜி.என். செட்டி ஆனார். வைத்த பெயர் போய், பிறந்த சாதி நிலைத்தது.

இந்த வெட்டு எவ்வளவு ஆழமானது என்பது அப்போது தெரியவில்லை. அடுத்த வெட்டு விழுந்தபோதுதான் தெரிந்தது.

அந்தக் கதை செங்கற்பட்டில் தொடங்குகிறது. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதலாவது மாகாண சுயமரியாதை மாநாடு அங்கே கூடியது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும் என்பது அதன் புகழ்பெற்ற தீர்மானங்களில் ஒன்று. பெரியார் தம் பெயரிலிருந்த ‘நாயக்கர்’ பட்டத்தை அதற்கு முன்பே விட்டிருந்தார். மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். நாடார் சமூகத்தின் பெருந்தலைவர், நீதிக்கட்சிக்காரர். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பேருந்து முதலாளிகளின் உரிமம் பறிக்கப்படும் என்று உத்தரவு போட்டவர். கையில் அதிகாரம் வந்ததும் அதை எளியவருக்காகப் பயன்படுத்தியவர்களின் வரிசையில் இவருக்குத் தனி இடம் உண்டு.

இந்த சௌந்தரபாண்டியன்தான் பாண்டி பஜார். சர் தியாகராயர் சாலையின் இருபுறமும் விரியும் அந்தக் கடைவீதிக்கு முறையான பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. ‘பாண்டி’ என்பது அவர் பெயரின் நடுத்துண்டு என்றே பலரும் சொல்கிறார்கள். பாண்டிச்சேரி வியாபாரிகளால் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. எது முந்தியது என்ற வழக்கு நடக்கட்டும். 2019இல் அந்த வீதியின் நடைபாதைகளை அகலப்படுத்தி, உட்கார இருக்கை போட்டு, நடப்பவர்களுக்கான வீதியாக மாற்றினார்கள். மாலையில் அங்கே பலூன் விற்பவரிடமும், கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் தாயிடமும் இது பாண்டி பஜார் என்று மட்டும்தான் கேட்க முடியும். ஒரு தலைவரின் பெயரைத் தாங்கிய சாலையில் இன்னொரு தலைவரின் பெயரைத் தாங்கிய சந்தை. ஒருவர் ஓர் எழுத்தாகிவிட்டார், மற்றவர் அரைப்பெயராகிவிட்டார்.

செங்கற்பட்டில் தனிமனிதர்கள் தாமாக எடுத்த முடிவை அரை நூற்றாண்டு கழித்து அரசு கையில் எடுத்தது. பெரியார் நூற்றாண்டு கொண்டாடப்பட்ட 1970களின் இறுதியில், எம்.ஜி.ஆர். ஆட்சியில், தெருப்பெயர்களிலிருந்து சாதிப் பட்டங்களை நீக்க முடிவாயிற்று. பலகைகளில் தார் பூசினார்கள், எழுத்தைச் சுரண்டினார்கள், புதுப் பலகை வைத்தார்கள்.

அந்த முடிவு சரியானது. இதில் எனக்குத் தயக்கமில்லை. தெருமுனையில் நிற்கும் பலகை அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது. அதில் சாதியை எழுதி வைக்க எந்த அரசுக்கும் உரிமையில்லை. பழைய பெயர் சிதைந்தது என்று வருந்தும் வரலாற்று ஆர்வலர்கள் எனக்கு நண்பர்கள்தாம். அவர்களோடு நான் மாறுபடும் இடம் இது. வரலாறு சிதைந்ததற்குக் காரணம் இந்த இரண்டாம் வெட்டு இல்லை. முதல் வெட்டுதான்.

சான்று தெருவிலேயே இருக்கிறது. ஆழ்வார்பேட்டையில் சி.பி. ராமசாமி அய்யர் பெயரிலான சாலை இன்று சி.பி. ராமசாமி சாலை. அய்யர் போனார், ராமசாமி இருக்கிறார். கூப்பிடு தூரத்தில் எல்டாம்ஸ் சாலையில் அவர் பெயரில் இயங்கும் அறக்கட்டளை முழுப்பெயரையும் வைத்திருக்கிறது. அது அவர்கள் விருப்பம், அவர்கள் உரிமை. மயிலாப்பூரில் பி.எஸ். சிவசாமி சாலை, அங்கும் ஆள் மறையவில்லை. தியாகராய நகரில் தணிகாசலம் சாலை. அரசு வேலைகளில் எல்லாச் சமூகத்தாருக்கும் இடம் வேண்டும் என்று சட்டமன்றத்தில் வாதாடிய ஓ. தணிகாசலம் செட்டியாரின் பெயர் அது. பட்டம் உதிர்ந்தும் பெயர் நிற்கிறது.

இவற்றையெல்லாம்விட அழகான சான்று அடையாற்றில் இருக்கிறது. அடையாற்றிலிருந்து திருவான்மியூர் போகும் சாலையை எல்லோரும் ‘எல்.பி. ரோடு’ என்கிறோம். யாரோ ஒரு பெரிய மனிதரின் முதலெழுத்துகள் என்று நினைப்பவர்கள் அநேகம். அது லேட்டிஸ் பிரிட்ஜ் ரோடு. இரும்புப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கட்டிய ஒரு பாலத்தால் வந்த பெயர். இன்று அதன் முறையான பெயர் டாக்டர் முத்துலட்சுமி சாலை. புதுக்கோட்டையில் 1886இல், தேவதாசி மரபில் வந்த ஒரு தாய்க்குப் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் நுழைந்து அதன் துணைத்தலைவராகவும் ஆனவர். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் கொண்டுவரப் போராடியவர். 1930இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவருடைய முயற்சியால் எழுந்தது. இன்றும் தமிழ்நாட்டின் மூலை முடுக்கிலிருந்து நோயாளிகள் ‘அடையாறு ஆஸ்பத்திரி’ என்று கேட்டு வந்து இறங்குவது அங்கேதான். ‘ரெட்டி’ என்பது கணவர் சுந்தர ரெட்டியின் வழியே பெயரோடு சேர்ந்தது. பலகையில் அது இல்லை. அதனால் அந்த அம்மையாருக்கு எந்தக் குறைவும் வந்துவிடவில்லை. முத்துலட்சுமி என்ற பெயர் முழுதாக இருக்கிறது, அது போதும். ஆனால் ஆட்டோக்காரரிடமும் உணவு கொண்டுவரும் இளைஞரிடமும் நாம் சொல்வது ‘எல்.பி. ரோடு’. இடிந்து போன பாலத்தின் முதலெழுத்துகள், பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினரின் பெயரை மறைத்துக்கொண்டு நிற்கின்றன.

இனி இரண்டு வெட்டும் விழுந்த பெயரைப் பாருங்கள். ஜி.என். செட்டி சாலை. பட்டத்தை எடுத்தால் மிஞ்சுவது ஜி.என். சாலை, சில முகவரிகளில் அப்படித்தான் எழுதுகிறார்கள். கோபதியும் இல்லை, நாராயணசாமியும் இல்லை. பக்கத்திலேயே டாக்டர் நாயர் சாலை. மாதவன் முதல் வெட்டிலேயே போய்விட்டதால், இப்போது பட்டத்தில் கைவைத்தால் ‘டாக்டர் சாலை’ என்றுதான் ஆகும். நீதிக்கட்சியின் மூவரில் ஒருவர், ‘ஜஸ்டிஸ்’ ஏட்டின் ஆசிரியர், 1919 ஜூலையில் லண்டன் சென்றிருந்தபோது அங்கேயே உயிர் துறந்தவர். அவருக்காக நாம் வைத்திருக்கும் அடையாளம் தொழிலும் சாதியும் மட்டும்தான்.

இது பழங்கதை இல்லை. 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையின் பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர் வைக்கப்பட்டது. ஊர், தெருப் பெயர்களில் சாதியை நீக்கச் சொல்லும் அரசாணையும் அதே மாதத்தில் வெளியாகியிருந்ததால், பட்டத்தை எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று வாதம் கிளம்பியது. எடுத்தால் ‘ஜி.டி. மேம்பாலம்’ என்றாகிவிடுமே என்றார்கள். அந்த மாமனிதருக்கு வைத்த பெயர் துரைசாமி. ஜி. துரைசாமி மேம்பாலம் என்று வைத்திருந்தால் சாதியும் இருந்திருக்காது, ஆளும் மறைந்திருக்க மாட்டார். ஆனால் நூறாண்டாக ‘ஜி.டி.’ என்றே சொல்லிப் பழகிவிட்டதால் துரைசாமி யாரென்று கோவைக்காரர்களுக்கே சொல்ல வேண்டியிருக்கும். நாராயணசாமிக்கும் மாதவனுக்கும் சென்னையில் நேர்ந்ததுதான் அங்கும் நேர்ந்திருக்கிறது.

மயிலாப்பூருக்கு வந்தால் சுருக்கம் வேறு விதமான குழப்பத்தைச் செய்கிறது. ஆர்.கே. சாலை என்பது டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. முன்பு எட்வர்டு எலியட்ஸ் சாலை. குடியரசுத் தலைவராக இருந்த தத்துவப் பேராசிரியர் வாழ்ந்த வீடு அங்கே இருக்கிறது. ஆர்.கே. மடம் சாலை என்பது இராமகிருஷ்ணர் பெயரிலான மடத்தின் சாலை. முன்பு பிராடீஸ் சாலை. 1897இல் இராமகிருஷ்ணானந்தர் சென்னையில் தொடங்கிய மடம் அது. ஓர் ஊருக்குள் இரண்டு ஆர்.கே.; ஒருவர் கல்கத்தாவின் பரமஹம்சர், இன்னொருவர் திருத்தணிப் பக்கத்துப் பேராசிரியர். ராஜா அண்ணாமலைபுரம் ஆர்.ஏ. புரமாயிற்று. சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டு, தமிழிசைக்காகச் சங்கம் வைத்த செட்டிநாட்டரசரின் பெயரில் மிஞ்சியது இரண்டு எழுத்து. அதை ஒட்டிய எம்.ஆர்.சி. நகரில் முதல் எழுத்து பெயர்கூட இல்லை, பதவி: மேயர் ராமநாதன் செட்டியார் நகர். கடைசி எழுத்தில் சாதிப் பட்டமும் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. சுருக்கினால் சாதி போய்விடும் என்று நினைப்பவர்கள் அந்த எழுத்தைக் கவனிக்க வேண்டும்.

லஸ் முனையையும் சொல்லிவிடுகிறேன். 1516இல் போர்த்துக்கீசியர் கட்டிய மாதா கோயிலின் பெயர், ஒளியின் அன்னை என்னும் பொருளில் அவர்கள் மொழியில் நீளமாக இருந்தது. அதில் ஒளியைக் குறிக்கும் கடைசிச் சொல் மட்டும் நம் வாயில் ‘லஸ்’ என்று நின்றது. உள்ளூரார் அதைக் காட்டுக்கோயில் என்றார்கள். அன்று அங்கே காடு. ஐந்நூறு ஆண்டாக மக்கள் நாவில் தேய்ந்து தானாகக் குறுகிய பெயர் அது. அதை யாரும் விரித்துச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். தேய்வது வேறு, அலுவலகத்தில் வெட்டுப்படுவது வேறு.

நான் கேட்பது சிறிய காரியம். மாநகராட்சி தெருப்பலகைகளை மாற்றிக்கொண்டே இருக்கிறது. மண்டல எண், வார்டு எண், அஞ்சல் குறியீடு எல்லாவற்றுக்கும் அதில் இடமிருக்கிறது. ‘ஜி.என்.’ என்ற இடத்தில் ‘கோபதி நாராயணசாமி’ என்று எழுதவும், ‘டாக்டர் நாயர்’ என்ற இடத்தில் ‘டாக்டர் மாதவன்’ என்று எழுதவும், அடியில் அவர் யார் என்று ஒரே ஒரு வரி சேர்க்கவும் பெரிய செலவாகாது. சாதிப் பட்டத்தைத் திரும்பக் கொண்டுவராமலே ஆளைத் திரும்பக் கொண்டுவரலாம். ஆணை போட்டு வெட்டத் தெரிந்த அரசுக்கு, வெட்டுப்பட்டதில் பாதியை ஒட்டவும் கடமை உண்டு.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவின் பெயர் முதலெழுத்துகளில் நின்றால், அதை விரித்துச் சொல்லக்கூடிய முதியவர்கள் உங்கள் தெருவில் இன்னும் இருப்பார்கள். பழைய கிரயப் பத்திரத்திலும் அந்தப் பெயர் முழுதாக இருக்கும். விசாரித்து, தெருவின் பெயர், முழுப்பெயர், அவர் செய்த வேலை மூன்றையும் எழுதி இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். வரும் அத்தியாயங்களில் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.